சைவம் மட்டும் சாப்பிட்டு மடகாஸ்கர் காட்டில் களப்பணி செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேவாங்கு எழுதியது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக மடகாஸ்கரின் தென்கிழக்கில் இருக்கும் ரனோமஃபானா காட்டுக்குப் போகிறேன். லெமூர்கள் பழம் தின்று விதை பரப்புவது பற்றிய வேலை. ஆய்வு நிலையத்தில் இருக்கும் வரை கவலை இல்லை, அங்கே சமையலறை, மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனால் என் வேலையில் பெரும்பகுதி உள்காட்டில், கூடாரம் அடித்து, உள்ளூர் உதவியாளர்களோடும் ஒரு சமையல்காரரோடும் மாதக்கணக்கில் இருக்க வேண்டியது.

நான் பிறந்ததிலிருந்து சைவம். பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. எங்கள் ஆய்வகத்திலிருந்து இதற்கு முன் போனவர்கள் எல்லாரும் மீன், கோழி சாப்பிடுபவர்கள். "சோறு கிடைக்கும், சமாளிச்சுக்கலாம்" என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறு மட்டும் தின்றுகொண்டு தினமும் மலை ஏறி இறங்க முடியுமா, அங்கே இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது, இங்கிருந்து எவ்வளவு கட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் இருக்கிறேன். அம்மா இப்போதே பொடி இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

---

மழைத்தவளை எழுதியது:

தேவாங்கு, நான் அதே கிழக்குக் காடுகளில் தவளைகளோடு நிறைய நாள் இருந்திருக்கிறேன், நானும் உங்களைப் போலத்தான், முட்டையும் கிடையாது. தாராளமாக முடியும். ஆனால் பெட்டி நிறையப் பொடி கொண்டுபோவதால் முடியாது, உங்கள் முகாமின் சமையல்காரரோடு உங்களுக்கு இருக்கப்போகிற உறவால்தான் முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகிறவர்கள் எல்லாரும் பெட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்.

சோறு பற்றி. மடகாஸ்கர் மக்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி சாப்பிடுகிறவர்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சோறுதான். அளப்பது கப்புவாக்கா என்ற டின்னில். பழைய கன்டென்ஸ்டு மில்க் டின்தான் அது, மூன்றரை டின் அரிசி ஒரு கிலோ. முகாமுக்கு அரிசி வாங்கும்போது எல்லாக் கணக்கும் இதில்தான் ஓடும், போய்ச் சேர்ந்த முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள். காலையில் கீரை போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி, வரி அமினானனா என்பார்கள், மழையில் நனைந்து எழுந்த காலையில் அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. சோறு வடித்த பிறகு பானையின் அடியில் பிடித்த தீய்ந்த சோற்றோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ரனுனபாங்கு என்று சாப்பாட்டுக்குக் குடிப்பார்கள். கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்கும் பயமில்லை. சாலையோரக் கடைகளில் காலையில் அரிசிமாவில் சுடும் முஃபு காசி கிடைக்கும், நம் இனிப்புக் குழிப்பணியாரத்தைப் போலவே குழிச் சட்டியில் சுடுவது. தலைநகர் அன்டனனரிவோவிலிருந்து தெற்கே போகும் நீண்ட சாலைப் பயணத்தில் அதுவும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் போதும்.

சிக்கல் எல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதில். அவர்கள் கீரை, பயறு எல்லாம் நன்றாகவே சாப்பிடுகிறார்கள், ஆனால் அது இறைச்சியோடு சேர்ந்துதான் வரும். ருமசாவா என்ற கீரைச்சாறில் மாட்டிறைச்சி, இடித்த மரவள்ளிக் கீரையான ரவிட்டுட்டுவில் பன்றி, பீன்ஸில் பல நேரம் பன்றி. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது பட்சா என்ற பொடி இறால் கருவாடு. கீரையில் மணத்துக்கு ஒரு பிடி போட்டுவிடுவார்கள், போட்டவர் அதை இறைச்சி என்று நினைக்கவே மாட்டார். அதனால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மாடு, பன்றி, கோழி, மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "ட்சி மிஹினனா ஹேனா ஆஹு" என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. அதோடு நிறுத்தாமல் அகூஹு கோழி, ட்ருண்ட்ரு மீன், அட்டூடி முட்டை, பட்சா என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஏன் என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். உடம்புக்கு நல்லது, சூழலுக்கு நல்லது என்ற விளக்கம் அங்கே எடுபடாது, காசில்லாமல்தான் இறைச்சி சாப்பிடாமல் இருக்கிறார்கள் அங்கே பலர், காசு இருந்தும் ஒருத்தி வேண்டாம் என்றால் அது விசித்திரமாகத்தான் படும். ஆனால் விலக்கு என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஃபாடி என்பார்கள். குடும்பத்துக்கு, குலத்துக்கு, ஊருக்கு என்று தனித்தனி விலக்குகள். ஒரு வீட்டில் பன்றி ஆகாது, இன்னொரு வீட்டில் ஆடு, வேறொரு குலத்துக்கு விலாங்கு மீன். தெற்கே அன்டன்ட்ராய், மஹாஃபாலி மக்கள் கதிர் ஆமையைத் தின்பதில்லை, அந்த ஆமை அங்கே இன்னும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். "என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இது விலக்கு" என்று நீங்கள் சொன்னால் அது உண்மையும்கூட. அதற்கு அப்புறம் யாரும் வற்புறுத்தமாட்டார்கள், உங்கள் பானையை அவர்களே காவல் காப்பார்கள். என் முகாமில் புதிதாக வந்த ஒரு பையன் என் கீரையில் பட்சா போடப் போனபோது சமையல்காரம்மா அவன் கையைத் தட்டிவிட்டார்.

சத்துக் கணக்கைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை, 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 50 கிராம். களத்தில் நீங்கள் தின்னப்போகும் 400 கிராம் அரிசியிலேயே 28 கிராம் இருக்கும், 100 கிராம் காய்ந்த பீன்ஸில் இன்னொரு 22. அதற்கு மேல் வேர்க்கடலை. சந்தையில் சரமாசு என்ற பீன்ஸ், லூஜி என்ற காராமணி, வான்சுபூரி என்ற நிலக்கடலை மாதிரி மண்ணுக்குள் காய்க்கும் உருண்டைப் பயறு எல்லாம் கிடைக்கும். கடைசியில் சொன்னதை வேகவைத்து வெங்காயம், தக்காளி, இஞ்சி தாளித்துச் செய்யச் சொல்லுங்கள், அருமையாக இருக்கும். சகாய் என்ற மிளகாய் விழுது பக்கத்திலேயே வைப்பார்கள், காரத்துக்குக் குறையில்லை.

மரவள்ளிக் கீரையை மட்டும் அவசரத்தில் சமைக்க விடாதீர்கள். அதில் சயனைடு உண்டு, நன்றாக இடித்து நெடுநேரம் வேகவைத்தால்தான் போகும். அங்கே எல்லாருக்கும் இது தெரியும். நீங்கள் போகும் அதே காட்டில் 1987-இல் புது இனமாகப் பெயரிடப்பட்ட தங்க மூங்கில் லெமூர் தினமும் சயனைடு நிறைந்த மூங்கில் குருத்தைத் தின்று உயிரோடு இருக்கிறது, நமக்கு அந்த வரம் இல்லை. அந்த லெமூரை வைத்துத்தான் 1991-இல் அந்தக் காடே தேசியப் பூங்கா ஆனது.

---

புல்வெளிக்காரன் எழுதியது:

மழைத்தவளை சொன்னதைப் படித்துப் பொறாமையாக இருக்கிறது. நான் மங்கோலியாவில் வேலை செய்தவன், ஹுஸ்தாய் பூங்காவுக்கு அப்பால், காட்டுக்குதிரைகளை 1992 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டார்களே அந்தப் பக்கம், புல்வெளித் தாவரங்கள் பற்றிய கணக்கெடுப்பு. அங்கே ஆட்டிறைச்சியும் ஆட்டுக் கொழுப்பும்தான் சாப்பாடு, காய் என்றால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், டர்னிப். விலக்கு என்று சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் பதிலுக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது.

கோடையில் என்னைக் காப்பாற்றியது பால்தான். தரக் என்ற தயிர், உப்புப் போட்ட பால்தேநீர், ஆருல் என்ற காய்ந்த தயிர்க்கட்டி. கோடை முழுக்க அவர்களே பால் உணவைத்தான் அதிகம் சாப்பிடுவார்கள், வெள்ளை உணவு என்று அதற்குத் தனி மதிப்பு. ஆகவே பால் சாப்பிடும் சைவர் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கவலையே இல்லை. குளிர்காலக் களப்பணி என்றால் எல்லாவற்றையும் உலான்பாத்தரிலேயே வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இதை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே பணக்கணக்கில் காட்டுங்கள், "உணவு" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு அப்புறம் கைக்காசைச் செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, கூடார வீட்டுக்குள் போனால் கிண்ணம் நீட்டுவார்கள். வேண்டாம் என்று கை காட்டாதீர்கள். வலது கையில் வாங்கி, இடது கையால் முழங்கையைத் தாங்கி, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கலாம். பால்தேநீர் என்றால் குடித்துவிடலாம், வேறு ஏதாவது என்றால் அந்த மரியாதை போதும்.

---

காட்டுப்பாதை எழுதியது:

எல்லாரும் சமாளிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்கிறேன், முகாமையே சைவமாக்கிவிட்டால் என்ன? செலவு குறையும், குளிர்பெட்டி இல்லாத இடத்தில் இறைச்சி கெட்டு யாருக்கும் வயிறு போகாது, எல்லாருக்கும் ஒரே பானை. அதைவிட முக்கியம், காட்டைக் காக்க வேண்டும் என்று போகிற நாம் அந்தக் காட்டின் விளிம்பில் இறைச்சிக்குச் சந்தையை உண்டாக்குகிறோம். பணம் கொடுத்து ஆராய்ச்சி நடத்துகிறவர் நீங்கள், சாப்பாடு இதுதான் என்று சொல்லலாமே.

---

மழைத்தவளை எழுதியது:

காட்டுப்பாதை, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதில் நான் முழுக்க மாறுபடுகிறேன். என் மூட்டையையும் அரிசி மூட்டையையும் தலையில் சுமந்துகொண்டு சேற்றுச் சரிவில் ஏறுகிறவர் அந்த ஊர்க்காரர். அவர் வீட்டில் இறைச்சி என்பது எப்போதாவது வருவது. வேலைக்கு வரும் காலத்தில் வாரத்தில் சில நாளாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வருகிறார், அதையும் என் நம்பிக்கையைக் காட்டி எடுத்துவிட்டால் அது என்ன நியாயம்? என் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று நான் சொல்லலாம். அவர் தட்டில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை, சம்பளம் கொடுப்பதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது.

காட்டு விலங்கு விஷயம் வேறு. லெமூர் வேட்டை சட்டப்படி குற்றம், முகாமுக்குள் காட்டு இறைச்சி எதுவும் வரக்கூடாது என்பதை முதல் நாளே எல்லார் முன்னிலும் சொல்லிவிட வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆனால் அப்படிச் சொல்கிறவர் அதற்கு மாற்றாகச் சந்தையிலிருந்து கருவாடு, டின் மீன், முட்டை, கித்தூசா என்ற உலர்ந்த மாட்டிறைச்சி இதையெல்லாம் தன் செலவில் வாங்கி வைத்திருக்க வேண்டும். இவை குளிர்பெட்டி இல்லாமலும் சீக்கிரம் கெடாது. நான் சாப்பிடாததை நானே பட்டியல் போட்டு வாங்கியிருக்கிறேன், எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

விருந்து பற்றியும் சொல்ல வேண்டும். காட்டோரக் கிராமத்துக்கு முதல் முறை போகும்போது வெளிநாட்டவர் வருகிறார் என்று ஒரு கோழியை அடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் மொத்தம் நாலு கோழிதான் இருக்கும். அடித்த பிறகு போய் "நான் சாப்பிடமாட்டேன்" என்று நின்றால் அது அவர்களுக்கு இழப்பும் அவமானமும். அதனால் உதவியாளர் மூலமாக முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். நீங்கள் அரிசியும் சர்க்கரையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் மார்ச் வரையிலான மழை மாதங்களில் கட்டாயம். பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத காலம் அது, பல வீடுகளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் ஓடும். அந்த நேரத்தில் கிராமத்தில் போய் பீன்ஸ் கொடு, அரிசி கொடு என்று முகாமுக்கு வாங்காதீர்கள், நகரச் சந்தையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

---

காட்டுப்பாதை எழுதியது:

சரி, தட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சந்தை மாட்டிறைச்சிக்காகவும் காடு எரிக்கப்படுகிறது என்பதை மறக்க முடியவில்லை, மேய்ச்சலுக்காகத் தீ வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

---

உப்பளம் எழுதியது:

நான் பொலிவியா உயர்சமவெளியில், 4000 மீட்டருக்குப் பக்கத்தில் ஈரநிலங்களில் வேலை செய்தவன். உயரமான இடத்துக்குப் போகும் சைவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி எப்படியோ வெந்துவிடும், பருப்பும் பீன்ஸும் எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தாலும் நடுவில் கல்லாகவே இருக்கும். இறைச்சி சாப்பிடுபவர் எதையோ பொரித்துத் தின்றுவிடுவார், பயறை நம்பியிருக்கும் நமக்குக் குக்கர் இல்லாவிட்டால் புரதமே இல்லை. மூன்று லிட்டர் அலுமினியக் குக்கர் ஒன்றும், கூடுதலாக இரண்டு கேஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட்தான் போகும், அங்கே நம் அளவுக்குக் கிடைக்காது.

கீன்வா அங்கேயே விளைகிறது, நுரை போகும்வரை அலசினால்தான் கசப்பு போகும். இரவுப் பனியில் உறையவைத்து, மிதித்து, வெயிலில் காயவைத்த சூன்யோ என்ற உருளைக்கிழங்கு வருடக்கணக்கில் கெடாது. காய்கறி சூப் என்று கொடுத்தால் மட்டும் கேளுங்கள், எலும்புச் சாறில்தான் பெரும்பாலும் செய்திருப்பார்கள்.

தேவாங்கு, உங்கள் காடு உயரத்தில் இல்லை, ஆனாலும் குக்கர் கொண்டுபோங்கள். விறகும் கரியும் எவ்வளவு மிச்சமாகும் என்று யோசியுங்கள்.

---

மழைத்தவளை எழுதியது:

உப்பளம் சொன்னது மிகச் சரி. மடகாஸ்கரில் அடுப்புக்கரிக்காகவே எவ்வளவோ மரம் போகிறது. பூங்காவுக்குள் விறகு பொறுக்குவது கூடாது, கரி வெளியிலிருந்து மூட்டையாகத் தோளில் வர வேண்டும். பீன்ஸை இரவே ஊறப்போட்டுக் குக்கரில் வைத்தால் ஒரு மூட்டை கரி பல நாளுக்கு வரும். திரும்பும்போது அந்தக் குக்கரைச் சமையல்காரருக்கே கொடுத்துவிட்டு வந்தேன், எப்படிப் பயன்படுத்துவது, எப்போது திறக்கக்கூடாது என்பதையெல்லாம் அதற்குள் அவர் எனக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

---

தேவாங்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மழைத்தவளை அக்கா, விருந்துக்கோழி பற்றி நீங்கள் சொன்னதை என் வழிகாட்டியிடமும் காட்டினேன்.

இன்னும் சில கேள்விகள். கடுகு, பாசிப்பயறு, மல்லி இதெல்லாம் கொண்டுபோகலாமா? முளைகட்டிச் சாப்பிடலாம் என்று ஒரு யோசனை. அப்புறம் எனக்கு இரத்தசோகை வந்துபோகும், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஒரே கரண்டி. இறைச்சிப் பானையில் போட்ட கரண்டியை என் கீரையில் போட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை அவர்களிடம் சொல்வது அதிகப்படியாக இருக்குமா?

---

ஆனைக்கோரை எழுதியது:

முதல் இரண்டுக்கும் நான் சொல்கிறேன். மத்திய ஆப்பிரிக்காவின் காபோனில் லோப்பே தேசியப் பூங்கா பக்கம் இருந்தவன், அங்கே வேர்க்கடலைக் குழம்பும் வேகவைத்த நேந்திரமும், பருவத்தில் அட்டாங்கா பழமும்தான் என் சாப்பாடு. அந்தப் பழம் முழுக்க எண்ணெய்ச் சத்து, வெந்நீரில் போட்டு எடுத்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், உப்பு தொட்டுச் சாப்பிடலாம்.

விதை: முளைக்கக்கூடிய எதையும் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கடுகு, மல்லி, வெந்தயம், முழுப்பயறு எல்லாமே உயிருள்ள விதை. விதை பரவலைப் பற்றி ஆராயப் போகிறவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் போகும் காட்டிலேயே ஸ்ட்ராபெரி கொய்யா என்ற வெளிநாட்டு மரம் நுழைந்திருக்கிறது, அதன் பழத்தை லெமூர்களும் தின்று பரப்புகின்றன. வறுத்து அரைத்த பொடியாகவும் உடைத்த பருப்பாகவும் கொண்டுபோங்கள், அவை முளைக்காது. சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கலாபகஸ் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே பையைத் திறந்து பார்ப்பார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம். முளைகட்டிய பயறு தேவை என்றால் அந்த ஊர்ச் சந்தைப் பயறையே நிலையத்தில் இருக்கும்போது முளைகட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரை: இரும்பும் டாக்ஸிசைக்ளினும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பாலும் தயிரும்கூட அதைக் குறைக்கும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும், ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவுச் சாப்பாட்டோடும் வைத்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் கூடாரத்தில் படுத்துவிடக்கூடாது, தொண்டைக்குழாய் புண்ணாகும். பி12 வைட்டமின் மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்காட்டில் பால் என்பது பால்பவுடர்தான், ஊரில் குடிக்கிற அளவுக்குக் குடிக்கமாட்டீர்கள்.

---

மழைத்தவளை எழுதியது:

கரண்டி விஷயம் அதிகப்படியே இல்லை, ஆனால் தினமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சந்தையில் ஒரு சின்னப் பானை, ஒரு மரக்கரண்டி, ஒரு மூடி வாங்கி, பானையின் பிடியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். முதல் நாள் சமையல்காரரோடு நீங்களே போய் வாங்குங்கள், அந்த வாரச் சாமானையும் சேர்த்தே வாங்குங்கள், எந்தப் பீன்ஸ் சீக்கிரம் வேகும், எது பழசு என்று அவர் காட்டுவார். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து கீரை கிள்ளிக் கொடுங்கள். மலகாசி மொழியில் நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான்.

உங்கள் பானை முதலில் அடுப்பில் ஏறட்டும், அப்புறம் அவர்களுடையது. முதலில் உங்களுடையதை இறக்கி மூடிவைத்துவிட்டால் கலப்பதற்கே இடமில்லை. நிறையச் செய்யச் சொல்லுங்கள், மற்றவர்களும் ஒரு கரண்டி கேட்பார்கள்.

அம்மா இடிக்கும் பொடியில் பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் போதும், சின்னச் சின்னப் பொட்டலமாக, காற்றுப் புகாமல். அந்த ஈரத்தில் ஒரு பெரிய டப்பாவைத் திறந்தால் சில நாளில் கட்டிதட்டிவிடும், அப்பளம் நமத்துப்போகும், அதைக் கொண்டுபோகாதீர்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி இருந்தால் தாங்கும், விமானப் பெட்டியில் இரட்டை உறை போடுங்கள். மீல்மேக்கர் எடை குறைவு, ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் கால் லிட்டர். மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும், மிளகு, கிராம்பு, பட்டை, இஞ்சி, மஞ்சள் எல்லாம் அந்தத் தீவிலேயே விளைகிறது.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள்? ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் என்றால் புயல் காலம், சாலை அடைபட்டுச் சாமான் வராமல் போகலாம், இரண்டு வாரத்துக்கான பீன்ஸும் அரிசியும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

---

தேவாங்கு எழுதியது:

ஏப்ரல் கடைசியில் கிளம்புகிறேன் அக்கா. சிவப்புத் துணியும் குக்கர் கேஸ்கட்டும் பட்டியலில் எழுதிவிட்டேன், அப்பளத்தை வெளியே எடுக்கச் சொல்லி அம்மாவிடம் பேச வேண்டும்.